நீளமான வழி ஏன் சீக்கிரம் முடிந்தது?

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக் கூடத்தில் உருண்டையான பொம்மை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதுதான் பூமி. டெல்லி ஓரிடம், சான் பிரான்சிஸ்கோ ஓரிடம் எனப் பொட்டு வைத்து, நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் வட துருவப் பகுதி வழியாகப் போகும். சுவரில் தொங்கும் வரைபடத்தில் இது தெரியவே தெரியாது. உருண்டையைத் தட்டையாக விரித்தால் துருவப் பகுதிதான் அதிகம் இழுபடும்.

ஆனால் குறைந்த தூரம் என்றால் குறைந்த நேரமா? இல்லை. 2016 அக்டோபரில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சென்ற ஏர் இந்தியா விமானம், அட்லாண்டிக் வழியான சுமார் 13,900 கி.மீ. பாதையை விட்டுவிட்டு, பசிபிக் மேலாகக் கிழக்கு நோக்கிச் சுமார் 15,300 கி.மீ. பறந்தது. எடுத்துக்கொண்டது 14.5 மணி நேரம்தான்! வழக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்.

காரணம் காற்று. வெப்ப மண்டலத்துச் சூடும் துருவக் குளிரும் சந்திக்கும் இடத்தில், பூமியின் சுழற்சியால் வளைந்து, சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு அது. விமானத்தின் சராசரி வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 1,055 கி.மீ.! விமானம் தன் விசையில் சுமார் 900தான் போகும். மீதி, காற்று தள்ளியது.

பூமி சுழல்வதால் கீழே ஊர் தானாக நகர்ந்து வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது.