இறால் ஓடு, ஒரு புரதம், ஒரு எலக்ட்ரோடு

பழவேற்காட்டுப் பக்கம் மீன் வாங்கப் போயிருக்கீங்களா? கோட்டைக்குப்பத்திலோ அரங்கங்குப்பத்திலோ மீன் புதுசா என்று பார்க்க யாரும் கருவி தேடுவதில்லை. செவுளைத் தூக்கிப் பார்ப்பாங்க, சிவப்பா இருக்கணும். விரலால் அழுத்தினா சதை மறுபடி எழும்பணும். கரையில் இது போதும். அதே மீன் ஐஸ் பெட்டியில் சுமார் 60 கி.மீ. தாண்டி சென்னைக்கு வந்ததும், "நேத்து மீன்பா" என்று ஒருத்தர் விலையைக் குறைத்தால்? பிடித்தவர் கையில் காட்ட எதுவும் இல்லை. ஒரு எண் இருந்தால் பேச்சு மாறும். அந்த எண்ணை ஒரு புரதம் தரும்.

மீன் செத்ததும் தசையில் உள்ள ஏடிபி படிப்படியா உடையும். முதலில் ஐஎம்பி வரும், மீனின் சுவைக்கு இது ஒரு முக்கியக் காரணம். அது இனோசினாகி, கடைசியில் ஹைப்போசாந்தைன் சேரும். சாந்தைன் ஆக்சிடேஸ் என்ற நொதி ஹைப்போசாந்தைனை யூரிக் அமிலமாக மாற்றும்போது ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டாகும். பிளாட்டினம் எலக்ட்ரோடில் சுமார் 0.6 வோல்ட் வைத்தால் (வெள்ளி/வெள்ளி குளோரைடை ஒப்பிட்டு) பெராக்சைடு எலக்ட்ரானை விட்டுவிடும். மின்னோட்டம் கூடினால் மீன் பழசு. 1962-ல் கிளார்க்கும் லயன்ஸும் குளுக்கோஸை அளக்கச் சொன்ன அதே யோசனைதான் இது.

சிக்கல் எங்கே? மேற்பரப்பில். நொதியைச் சும்மா உலோகத்தில் தடவினால் கழுவும்போது போய்விடும், இல்லை ஒட்டிய இடத்தில் மடிப்பு குலைந்து வேலை செய்யாது. மேற்பரப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு உதாரணம்: 1977-ல் ஆக்ஸ்ஃபோர்டில் எடோஸும் ஹில்லும் சைட்டோகுரோம் சி புரதத்தைத் தங்க எலக்ட்ரோடில் சோதித்தார்கள். வெறும் தங்கத்தில் ஒழுங்கான பதில் இல்லை. பைபிரிடில் என்ற சின்ன மூலக்கூறு தங்கத்தின் மேல் படிந்ததும் எலக்ட்ரான் தாராளமாகப் போய்வந்தது. புரதம் அதேதான், தங்கமும் அதேதான். நடுவில் இருந்த மெல்லிய படலம்தான் புதுசு.

நமக்கு வேண்டிய படலம் பழவேற்காட்டிலேயே குப்பையாகக் கிடக்கிறது: இறால் ஓடு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சுண்ணாம்பு போகும், காரத்தில் புரதம் போகும், மிச்சம் கைட்டின். அதை அடர் சோடியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கினால் கைட்டோசான். நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரைத்து எலக்ட்ரோடில் ஒரு சொட்டு விட்டால் காய்ந்து படலமாகும். அது தண்ணீரைப் பிடித்து வைப்பதால் நொதிக்கு இதமான இடம். அதிலுள்ள அமீன் தொகுதிகளில் நொதியைக் கட்டியும் வைக்கலாம்.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுறீங்கன்னா இதை யோசிங்க. பொட்டென்ஷியோஸ்டாட் உள்ள லேப் வேணும். மின்வேதியியலுக்கென்றே காரைக்குடியில் சிக்ரி இருக்கிறது. இரண்டு விஷயம் மறக்காதீங்க. யூரிக் அமிலமும் அதே 0.6 வோல்ட்டில் எலக்ட்ரானை விடும், அதனால் நொதி இல்லாத இன்னொரு எலக்ட்ரோடில் மீன் சாற்றை அளந்து கழிக்கணும். ஹைப்போசாந்தைன் சேரும் வேகம் மீனுக்கு மீன் மாறும், மடவைக்குப் போட்ட அளவுகோல் கெளுத்திக்கு ஆகாது.

அளக்கும் முன் ஒவ்வொரு மீனையும் மீன் பிடிக்கிறவரிடமே காட்டி, அவர் சொல்வதை நோட்டில் எழுதிக்கோங்க. செவுளும் எலக்ட்ரோடும் வேறு வேறு பதில் சொன்னால், முதலில் எலக்ட்ரோடைச் சந்தேகப்படுங்க.