மலையேறும் காருக்கு ஒரு நல்ல வடிகட்டி

டீ வடிகட்டியில் ஓர் ஓரம் கிழிந்திருந்தால் முதல் வாயிலேயே தூள் நாக்கில் தட்டுப்படும். "வேற வடிகட்டி வாங்கணும்" என்று அன்றைக்கே முடிவு செய்துவிடுவோம். காருக்குள்ளும் ஒரு வடிகட்டி இருக்கிறது. அது கெட்டுப்போனால் யார் நாக்கிலும் தட்டுப்படாது. தெரியவரும்போது செலவு கைமீறிப் போயிருக்கும்.

அதன் பெயர் ஆயில் ஃபில்டர். "காரைப் பத்தி எனக்கென்ன தெரியும், அவர் பார்த்துப்பார்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நானும் அப்படி இருந்தவள்தான். குன்னூர் வழிப் பாதையில் ஒரு மாலை நேரம் என்னை மாற்றிவிட்டது.

கோவையில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டுக் குன்னூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கல்லாறு தாண்டி, பர்லியாரையும் கடந்தாயிற்று. பின் ஸீட்டில் குழந்தைகள் இருவரும் நல்ல தூக்கம். இருட்டத் தொடங்கியிருந்தது. திடீரென்று ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது. எண்ணெய்க் குவளை போல ஒரு படம். மூக்கில் ஒரு சொட்டு.

"இன்னும் கொஞ்ச தூரம்தானே, மெதுவா போயிடலாம்" என்றார் இவர்.

"வேண்டாங்க, குழந்தைங்க இருக்கு. ஓரமா நிறுத்துங்க" என்றேன். என்ன விளக்கு என்று எனக்குத் தெரியாது. சிவப்பாக இருக்கிறதே என்ற பயம்தான்.

நிறுத்திப் பார்த்தால், வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாக எண்ணெய். மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துப் போனோம். மெக்கானிக் தம்பி ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். அதன் ரப்பர் வளையம் ஒரு பக்கம் பிதுங்கி வெளியே வந்திருந்தது.

"அக்கா, இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா எஞ்சின் ஜாம் ஆகியிருக்கும். இந்த ஃபில்டரை எங்க வாங்கினீங்க?"

போன வாரம்தான் ஒரு கடையில் வாங்கி மாட்டியிருந்தோம். பில் கிடையாது. மிச்சம் பிடித்தது ஏறக்குறைய நூறு ரூபாய்!

அன்றையிலிருந்து கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

எஞ்சினின் சிறுநீரகம்

நம் ரத்தத்தைச் சிறுநீரகம் சுத்தம் செய்வது போல, எஞ்சினுக்குள் ஓடும் எண்ணெயை ஃபில்டர் சுத்தம் செய்கிறது. எஞ்சினின் உலோகப் பாகங்கள் ஒன்றோடொன்று நேராக உரசாமல், நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் காக்கிறது. எண்ணெய் சுற்றிவரும்போது உலோகத் துகள், கரி, தூசி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும். அதை ஒரு பம்ப் ஃபில்டருக்குள் தள்ளும். உள்ளே விசிறி போல மடித்து வைத்த காகிதம் இருக்கிறது. நம் தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான். நல்ல ஃபில்டர் அதில் பாதிக்கும் குறைவான துகளைக்கூடப் பெருமளவு பிடித்து நிறுத்தும்.

ஆரம்ப காலக் கார்களில் இந்த வசதி இல்லை. அமெரிக்காவில் ஸ்வீட்லாண்ட், கிரீன்ஹால் என்ற இருவர் 1923-ல் கார் எண்ணெய்க்கு வடிகட்டி அமைத்தார்கள். நம் ஊர் அம்பாஸடரில் கிண்ணம் போன்ற ஒரு கூட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் வடிகட்டியை மட்டும் மாற்றுவார்கள். பிறகு வந்த கார்களில் டப்பா போலத் திருகி மாட்டும் ஃபில்டரே அதிகம். இப்போது சில புது மாடல்களில் மறுபடியும் உள்ளிருக்கும் காகித வடிகட்டியை மட்டும் மாற்றும் வழக்கம் வந்திருக்கிறது.

டப்பாவுக்குள் காகிதம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். இரண்டு சின்னக் "கதவு"களும் இருக்கலாம். ஒன்று, வண்டி நிற்கும்போது எண்ணெய் கீழே வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர். இன்னொன்று, காகிதம் அடைத்துக்கொண்டாலோ எண்ணெய் கெட்டியாக இருந்தாலோ திறந்து வழிவிடும் வால்வு. அழுக்கு எண்ணெயாவது ஓடட்டும், எண்ணெயே இல்லாமல் எஞ்சின் உரசக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. போலி ஃபில்டரில் காகிதத்தைக் குறைத்துவிடுவார்கள். மட்டமான ரப்பரைப் போட்டுவிடுவார்கள். வால்வு பெயருக்கு இருக்கும். வெளியே பெயிண்ட் மட்டும் பளபளக்கும்.

மலையில் ஏன் கூடுதல் கவனம்?

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 325 மீட்டர். குன்னூர் சுமார் 1850. ஊட்டி சுமார் 2240. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வருவதற்குள் 14 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறினால் 36. வண்டி இரண்டாவது கியரிலும் முதல் கியரிலும் முனகிக்கொண்டே ஏறும். எஞ்சின் வேகமாகச் சுழலும். எண்ணெய் நன்றாகச் சூடேறும்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் குளிர். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும் நாட்களில், அலமாரியில் தேங்காய் எண்ணெய் கட்டியாகிக் கிடக்கும் அல்லவா? எஞ்சின் எண்ணெய் அப்படி உறைந்துவிடாது. ஆனால் தடித்துப் போகும். காலையில் சாவியைத் திருப்பியதும் எண்ணெய் மேலே ஏறிச் சேர நேரமாகும். ஃபில்டரின் ரப்பர் சரியில்லாமல் இரவெல்லாம் எண்ணெய் வடிந்துவிட்டிருந்தால் இன்னும் நேரமாகும். அந்தச் சில விநாடிகளில் "டக டக" என்று சத்தம் கேட்கும். தினமும் கேட்டால் "குளிர்தானே" என்று விட்டுவிடாமல் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, நம் தினசரி ஓட்டம். பள்ளிக்கூடத்தில் குழந்தையை விட்டுவிட்டு மார்க்கெட் போய்த் திரும்பினால் மொத்தமே நாலைந்து கிலோமீட்டர். எஞ்சின் முழுதாகச் சூடாவதற்குள் வீடு வந்துவிடுகிறது. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போவதில்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் பாலேடு போல வெளுப்பாக ஒட்டியிருப்பது இதனால்தான். கொஞ்சமாக இருந்தால் பயமில்லை. நிறைய இருந்தால், ரேடியேட்டர் தண்ணீர் எண்ணெயில் கலக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியவை

"மாருதிக்கு ஒரு ஃபில்டர் குடுங்க" என்று கேட்பது, "குழந்தைக்கு ஒரு மருந்து குடுங்க" என்று கேட்பது மாதிரி. மாடல், வருடம், பெட்ரோலா டீசலா எல்லாம் சொல்ல வேண்டும். காரோடு கொடுக்கும் கையேட்டில் ஃபில்டரின் பார்ட் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஃபில்டர்களில் மரை வேறாக இருக்கலாம். ரப்பர் வளையத்தின் அளவு வேறாக இருக்கலாம். சில எஞ்சின்களில் வழிவிடும் வால்வு எஞ்சினிலேயே இருக்கும், சிலவற்றில் ஃபில்டரில்தான். "இதுவும் பொருந்தும்" என்று கடைக்காரர் சொன்னால் போதாது. நம்பர் பொருந்த வேண்டும்.

கார் கம்பெனியின் பெயரில் வருவதைத்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பாஷ், பியூரோலேட்டர், எலோஃபிக் போன்ற பெயர்களிலும் ஃபில்டர் விற்கிறார்கள். எந்தப் பெயரானாலும் அந்தக் கம்பெனியின் பட்டியலில் உங்கள் வண்டிக்கு எந்த நம்பர் என்று சரிபாருங்கள். நல்ல பெயருக்குத்தான் போலியும் வரும் என்பதால் இவற்றையும் கவனியுங்கள்:

* அட்டைப்பெட்டியில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம், வருடம், அதிகபட்ச விலை இருக்க வேண்டும். எழுத்து மங்கலோ எழுத்துப்பிழையோ இருந்தால் வேண்டாம்.

* பெட்டியில் உள்ள நம்பரும் டப்பாவில் உள்ள நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

* ரப்பர் வளையம் வழவழப்பாக, பள்ளத்தில் சுற்றிலும் ஒரே சீராக உட்கார்ந்திருக்க வேண்டும். நகத்தால் லேசாக அழுத்தினால் அமுங்கி எழ வேண்டும்.

* மரையில் பிசிறு, துரு, உலோகத் தூள் எதுவும் கூடாது.

* கனமாக இருப்பதே நல்லது என்று நினைக்காதீர்கள். எடை காகிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

* விலை மற்ற கடைகளைவிடப் பாதியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பில் அவசியம். பில் இருந்தால்தான் திருப்பிக் கேட்க முடியும். கடையில் தீர்வு கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

ஃபில்டர் நல்லதாக இருந்து, மாட்டியது சரியில்லை என்றாலும் ஒழுகும். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதன்மேல் புது வளையம் உட்கார்ந்தால் ஒழுகல் நிச்சயம். புது வளையத்தில் துளி எண்ணெய் தடவி, கையால் திருகி, அது போய் உட்கார்ந்த பிறகு ஃபில்டரில் குறிப்பிட்ட அளவுதான் முறுக்க வேண்டும். பலத்தையெல்லாம் காட்டினால் ரப்பர் நசுங்கும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, அடியில் ஒரு பழைய காகிதத்தை விரித்து, சொட்டு விழுகிறதா என்று பாருங்கள்.

"பழைய ஃபில்டரைக் காட்டுங்க தம்பி" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். மாற்றினார்களா, பில்லில் மட்டும் மாற்றினார்களா என்பது அதில் தெரிந்துவிடும்!

பல பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது எண்ணெய் மாற்றச் சொல்கிறார்கள். மலை ஏற்றமும் குட்டிப் பயணங்களும் "கடின ஓட்டம்" என்ற கணக்கில் வரும். அதற்குக் கையேட்டில் இன்னும் குறைந்த கெடு போட்டிருக்கும். நமக்கு அதுதான் கணக்கு. எண்ணெய் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். புது எண்ணெயைப் பழைய ஃபில்டரில் ஓடவிடுவது, குளித்துவிட்டு அழுக்குத் துணியையே உடுத்துகிற மாதிரி.

மாதம் இருமுறையாவது டிப் ஸ்டிக்கை இழுத்து எண்ணெய் அளவைப் பாருங்கள். நம் ஊர் வாசல்கள் சரிவாக இருக்கும். சரிவில் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். பெட்ரோல் பங்கு போன்ற சமதரையில், எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தால்

சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்தால் அது இயல்பு. ஓடும்போது எரிந்தால் "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்பதே கூடாது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினை அணைத்துவிடாதீர்கள். ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக் இரண்டொரு மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். முதலில் வளைவில் இல்லாத, அகலமான ஓரத்தில் வண்டியை நிறுத்துங்கள். பிறகு எஞ்சினை அணையுங்கள். ஹேண்ட் பிரேக், கியர், சக்கரத்துக்கு அடியில் கல். எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, குழந்தைகளைச் சாலையை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். எண்ணெய் அளவைப் பார்த்து, காரணம் தெரிந்து சரிசெய்யும்வரை மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பழைய எண்ணெயையும் ஃபில்டரையும் சாக்கடையிலோ தேயிலைத் தோட்ட ஓரத்திலோ கொட்டவிடாதீர்கள். குன்னூர்ப் பக்கத்து ஓடைகள் இறங்கிப் பவானியில் சேருகின்றன. கீழே எத்தனையோ வீடுகளில் அது குடிதண்ணீர். கழிவு எண்ணெயைச் சேர்த்து முறையாகக் கொடுக்கும் ஒர்க்ஷாப்பில் வேலையைக் கொடுங்கள்.

குழந்தைகளின் தடுப்பூசித் தேதியும் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியும் குறித்து வைக்கும் நோட்டில் எங்கள் காருக்கும் இப்போது ஒரு பக்கம் இருக்கிறது. ஃபில்டர் நம்பர், மாற்றிய தேதி, அன்றைய கிலோமீட்டர், அடுத்து எப்போது — நாலே வரி. போன தடவை இவர் ஒர்க்ஷாப்புக்குக் கிளம்பியபோது என்னிடம்தான் வந்து கேட்டார்: "அந்த நம்பர் என்னம்மா?"

உங்கள் நோட்டிலும் இன்றைக்கே ஒரு பக்கம் ஒதுக்கிவிடுங்கள்.