பேறுகாலத்துக்குப் பின் மனச்சோர்வும் நடைப்பயிற்சியும்

பிள்ளை பிறந்த வீட்டில் எல்லார் கண்ணும் பிள்ளை மேலேயே இருக்கும். பெற்றவளின் உடம்புக்குப் பத்தியச் சோறும் பிரசவ லேகியமும் கொடுத்துவிடுகிறோம். அவள் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் குறைவு.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில், மயிற்பொறியில் ஏறித் தப்பிய அரசி விசயை, ஆதரவின்றிச் சுடுகாட்டில் சீவகனைப் பெறுகிறாள். அப்போது ஒரு தெய்வம் அவளுடைய தோழியின் உருவில் வந்து துணை நிற்கிறது. பெற்றவளுக்கு முதல் மருந்து துணையே என்பதை அந்தச் சமண முனிவர் அறிந்திருந்தார் போலும்.

பேறு முடிந்த சில நாளில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். அதற்கு மேலும் சோகம், பிள்ளை உறங்கினாலும் தனக்கு உறக்கமின்மை, எதிலும் பற்றின்மை, 'நான் நல்ல தாய் இல்லை' என்ற நினைப்பு நீடித்தால் அது மனச்சோர்வு நோய். 'சோம்பேறித்தனம்', 'திமிர்' என்று ஏசுவது பாவம்.

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் 359 கர்ப்பிணிகளைக் கொண்டு தொடங்கிய ஓர் ஆய்வு 2002-இல் வெளிவந்தது. பேறுகாலத்துக்குப் பின் 100-க்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு கண்டது. வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கைவேலைக்கு உதவியின்மை ஆகியவை காரணங்களில் சில. கடைசிக் காரணத்தை நாம் ஊன்றிப் பார்க்க வேண்டும். தாய்வீட்டை விட்டுத் தொலைவில், ஜீடிமெட்லாவில் குடியிருக்கும் நம் பெண்களுக்கு அதுதான் பெருங்குறை.

இனி உடற்பயிற்சி. இதுபற்றிய 35 ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. வாரத்துக்கு 80 நிமிடமாவது விரைந்து நடப்பது போன்ற மிதமான பயிற்சி, மனச்சோர்வின் கடுமையைக் குறைக்கிறதாம். கணக்குப் போட்டால், வாரத்தில் நான்கு நாள், நாளுக்கு 20 நிமிடம். மிதமான பயிற்சியால் தாய்ப்பால் குறையாது.

சுகப்பிரசவமானால் உடம்பு இடம் கொடுக்கும்போது மெல்ல நடக்கத் தொடங்கலாம். ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்டே தொடங்க வேண்டும். லாரி ஓடும் தொழிற்பேட்டைச் சாலை வேண்டாம். காலனித் தெருவோ மொட்டை மாடியோ போதும்.

ஆனால் 'போய் நடந்துட்டு வாம்மா' என்று சொன்னால் மட்டும் ஆகுமா? அந்த 20 நிமிடம் பிள்ளையை யார் பார்ப்பது? அடுப்பை யார் கவனிப்பது? கணவர் ஷிப்டு முடிந்து வந்ததும் பிள்ளையை வாங்கிக்கொள்ளட்டும். மாமியார் சமையலைப் பார்க்கட்டும். பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண் கூட நடக்கட்டும். உதவி செய்யாமல் சொல்லும் உபதேசம், அவளுக்கு இன்னொரு பாரம்.

நடை மட்டுமே எல்லாருக்கும் போதும் என்பதும் இல்லை. சோர்வு இரண்டு வாரம் கடந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சாகும் எண்ணம், பிள்ளைக்குத் தீங்கு செய்யும் எண்ணம், யாரோ பேசுவது போலக் காதில் கேட்பது இவை வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது; அவளைத் தனியே விடவும் கூடாது. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலிமானஸ் சேவையை 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போகும்போது, சட்டையும் வசம்பும் கொண்டுபோவதோடு, 'நான் பிள்ளையை வெச்சிருக்கேன், நீ கொஞ்சம் நடந்துட்டு வா' என்று சொல்லுங்கள். அதைவிடப் பெரிய சீர் இல்லை.