வணரித்தண்டுக் கப்பி மரையாணி

வணரித்தண்டுக் கப்பி மரையாணி என்பது மகிழுந்துப் பொறியின் வணரித்தண்டு முனையில் கப்பியைப் பிணைத்து நிறுத்தும் மரையாணி ஆகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது கிராங்க் புல்லி போல்ட் என வழங்கப்படுகிறது. மின்னாக்கி, குளிரூட்டியின் அமுக்கி முதலியவற்றைச் சுழற்றும் வார்ப்பட்டை இக்கப்பியிலிருந்தே ஆற்றலைப் பெறுகிறது. பல பொறிகளில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டின் பற்சக்கரமும் இதே மரையாணியால் இறுக்கப்படுகிறது. விலை குறைந்த இவ்வுறுப்பு தளர்ந்தால், விலை மிகுந்த வணரித்தண்டே பழுதாகக்கூடும்.

செயற்படும் முறை

இதன் பணியைக் கடையாணியின் பணியோடு ஒப்பிட்டு அறியலாம். திருவண்ணாமலைக் கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம் நடைபெறுகிறது. மரத்தேரிலும் மாட்டுவண்டியிலும் அச்சு முனையில் செருகப்படும் கடையாணி, சக்கரம் கழன்றுவிடாமல் தடுக்கிறது. சக்கரத்தை அச்சோடு இறுக்குவதில்லை. கப்பி மரையாணியோ கப்பியைத் தண்டோடு இறுக்குவதற்கே உள்ளது.

இறுக்கும்போது மரையாணி மிகச் சிறிதளவு நீள்கிறது. இழுத்துவிட்ட சுருள்வில் போல அது கப்பியைத் தண்டோடு அழுத்துகிறது. இவ்வழுத்தத்தால் எழும் உராய்வே சுழற்சியைக் கப்பிக்குக் கடத்துகிறது. இடையில் உள்ள சாவி, கப்பியைச் சரியான நிலையில் அமர்த்துவதற்கே முதன்மையாக உதவுகிறது. எரிபொருள் ஒவ்வொரு முறை எரியும்போதும் தண்டு ஒரு தள்ளலைப் பெறுவதால், அதன் சுழற்சி முற்றிலும் சீராக இருப்பதில்லை. அழுத்தம் குறைந்தால் கப்பி முன்னும் பின்னும் அசைந்து, சாவியை நசுக்கி, சாவிக்காடியை அகலப்படுத்திவிடும். சாவியே இல்லாத பொறிகளில் பற்சக்கரம் நழுவி, வால்வுகள் பிஸ்டனில் மோதக்கூடும்.

தெரிவு செய்தல்

வலிமை: மரையாணியின் வலிமை வகை அதன் தலையில் பொறிக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் இதற்கு ஐ.எஸ். 1367 தரம் பின்பற்றப்படுகிறது. 10.9 என்பதில் 10 என்பது 1000 மெகாபாசுக்கல் இழுவலிமையைக் குறிக்கும். அதில் பத்தில் ஒன்பது பங்கான 900 மெகாபாசுக்கல் வரை நிலையான நீட்சி ஏற்படாது என்பதை .9 குறிக்கும். 8.8 வகையில் இவை முறையே 800, 640 ஆகும். எனவே 10.9க்கு மாற்றாக 8.8 வகையை இடுதல் தவறு. சென்னை பாடியில் 1966இல் உற்பத்தியைத் தொடங்கிய சுந்தரம் பாசனர்ஸ், உயர் இழுவலிமை மரையாணிகளைத் தயாரிக்கும் நிறுவனமாகும்.

மரை இடைவெளி: 14 மி.மீ. விட்டமுள்ள மரையாணிகள் 1.5 மி.மீ., 2 மி.மீ. ஆகிய இரு இடைவெளிகளிலும் உள்ளன. மாற்றித் திருகினால் தண்டின் உள்மரை அழியும்.

நீளம்: மிகை நீளமுள்ள மரையாணி துளையின் அடியில் முட்டி நிற்கும். இறுகியது போலத் தோன்றினாலும் கப்பி இறுகியிராது. நீளம் குறைந்தால் போதிய மரைகள் பற்றா.

பொருத்துதல்

1. கப்பி அமரும் பரப்புகள், சாவி, சாவிக்காடி ஆகியவற்றைத் துடைத்துச் சோதிக்க வேண்டும். துருவோ பெயின்டோ இடையில் இருந்தால், அது பின்னர் நசுங்கி மரையாணியைத் தளர்த்தும்.

2. தண்டு சுழலாதிருக்க, அதற்குரிய பிடிகருவியைப் பயன்படுத்த வேண்டும்.

3. மரைக்கு எண்ணெய் இடுவதா என்பதில் தயாரிப்பாளரின் கையேட்டையே பின்பற்ற வேண்டும். கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழ 90 விழுக்காடு உராய்வில் செலவாகிறது. எஞ்சியதே மரையாணியை நீட்டுகிறது. உலர்ந்த மரைக்குரிய அளவை எண்ணெயிட்ட மரைக்குக் கொடுத்தால் மரையாணி மிகையாக நீளும்.

4. டார்க் ரென்ச் கொண்டு கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். பல சிறு மகிழுந்துகளில் இது 100 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்டது. சில பொறிகளில் அதன்பின் 90 பாகை போன்ற ஒரு கோண அளவுக்கு மேலும் திருப்பக் கூறப்பட்டிருக்கும். இவ்வாறு இறுக்கப்படுபவற்றுள் பல நிலையாக நீள்வதால், ஒவ்வொரு முறையும் புதிய மரையாணி தேவை.

5. காற்றழுத்தத் துப்பாக்கியால் இறுதி இறுக்கம் செய்தல் கூடாது. அதில் அளவு உறுதியாகத் தெரியாது.

பழைய பொறிகள்

பழைய பொறிகள் பலவற்றில் இம்மரையாணியின் தலையில், கைச்சுழற்றி பற்றுவதற்கான பல் வெட்டப்பட்டிருந்தது. 2014இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட அம்பாசிடர் மகிழுந்தின் பழைய வகைகளை இவ்வாறு கையால் சுழற்றி இயக்க முடிந்தது.

தளர்வின் அறிகுறிகள்

பொறி மெதுவாக ஓடும்போது முன்புறம் தட்டும் ஒலி, கப்பியின் தள்ளாட்டம், மரையாணியைச் சுற்றிச் செந்நிறத் துகள் ஆகியவை தளர்வைக் காட்டும். அந்நிலையில் மீண்டும் இறுக்குவது மட்டும் போதாது. கப்பியைக் கழற்றிச் சாவிக்காடியைச் சோதித்த பின்னரே பொறியை இயக்க வேண்டும்.