இரைச்சலுக்குள் ஓர் அலை

கருந்துளைகள் இரண்டு ஒன்றையொன்று சுற்றி இணையும்பொழுது, வெளியையே நீட்டியும் சுருக்கியும் பரவுவது ஈர்ப்பலை. ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வந்த அத்தகைய அலையை 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ ஆய்வகங்கள் இரண்டும் முதன்முதலாகப் பதிவுசெய்தன. லேசர் ஒளி செல்லும் 4 கிலோமீட்டர் குழாயில் அது விளைவித்த நீள மாற்றம், புரோட்டானின் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அருகே செல்லும் ஊர்தியும், ஏன், தொலைவிலுள்ள கடலும்கூட இதனினும் பெரிய அதிர்வை எழுப்புமே! அவ்விரைச்சலிலிருந்து அலையைப் பிரித்தறிவது எங்ஙனம்? பொதுச்சார்பியல் சமன்பாடுகளைக் கொண்டு, வரவேண்டிய அலையின் வடிவத்தை முன்னரே கணித்து வைத்துப் பதிவுடன் ஒப்பிடுவர். கணக்கு பிழையாயின் அலை வந்தும் அறியப்படாது போகக்கூடும். இக்கணிப்புக்குத் தொலைநோக்கி தேவையில்லை. தாம்பரத்திற்குத் தென்கிழக்கே சிறுசேரியில் அமைந்துள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் கே. ஜி. அருண் இத்தகைய அலைவடிவ ஆய்வில் ஈடுபட்டவர். 2016 பிப்ரவரியில் வெளியான கண்டுபிடிப்புக் கட்டுரையின் ஆசிரியர்களுள் அவரும் ஒருவர்.