கணக்குப் பாடமும் கடைத்தெருவும்

சிறு பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பிப்பது எங்ஙனம் என்பது குறித்து நமது நாட்டில் ஓயாத விவாதமொன்று நடந்து வருகிறது. வாய்பாட்டை நெட்டுருப் போடச் செய்வதே தக்க வழி என்கின்றனர் ஒரு கட்சியார். நெட்டுரு புத்தியை மழுங்கச் செய்யும், மணியையும் குச்சியையும் அட்டையையும் கையில் கொடுத்துப் பொருள் விளங்கச் செய்த பின்னரே எண்ணைச் சொல்லவேண்டும் என்கின்றனர் மற்றொரு கட்சியார். 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் புகுந்த செயல்வழிக் கற்றலும், 2022இல் தமிழ்நாட்டு அரசாங்கம் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பின்னவர் பக்கம் சார்ந்தவை. இரு கட்சியாரும் முக்கியமான விஷயமொன்றை மறந்துவிட்டனர் என்பது நமது அபிப்பிராயம்.

பழைய முறை என்று பேசுவோரிற் பெரும்பாலோர், தாம் படித்த பள்ளியில் கூச்சலிட்டு ஒப்பித்த வாய்பாட்டையே மனத்திற் கொள்கின்றனர். அது பழைய முறையன்று, அதன் எலும்புக்கூடு. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று படிப்படியாகக் கற்றனர். நெல்லிலக்கம் தானியம் அளக்கும் கணக்கு. குழிமாற்று நிலம் அளக்கும் கணக்கு. காலையில் பள்ளியில் உருப்போட்டதை மாலையில் களத்துமேட்டில் மரக்காலோடு கண்ணாரக் கண்டான் சிறுவன். மனப்பாடத்திற்கும் பொருளுக்கும் நடுவே அன்று சுவரில்லை.

நாம் வக்கீல் தொழிலிற் புகுந்த புதிதில், பாகப் பிரிவினை வழக்கொன்றில் பழைய பத்திரமொன்றைப் புரட்ட நேர்ந்தது. அதில் 'மாகாணிப் பங்கு' என்று கண்டிருந்தது. ஆங்கிலத்தில் கணக்குக் கற்ற நாம் விழித்தோம். கட்சிக்காரராகிய முதியவர் நம்மைச் சற்றே பரிதாபத்தோடு நோக்கி, "மாவும் காணியும் கூடினால் மாகாணி, ஐயா! ரூபாயில் ஒரு அணா மாதிரி" என்றார். மா என்பது இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. இரண்டும் கூட எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. பின்னங்களைக் கூட்டும் வித்தையைச் சொல்லே கற்பித்துவிடுகிறது! அரைக்கால் என்றால் காலில் அரை. அரைக்காணி என்றால் காணியில் அரை. கீழ்வாயிலக்கம் முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரிக்கும் கீழே இறங்கிச் செல்லும். அதை உருப்போட்டவனைப் பொருளறியாக் கிளிப்பிள்ளை என்று இகழ்வது நியாயமாகுமா?

இம்முறையை அந்நியரும் மதித்தனர். சென்னைக் கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ 1822இல் உத்தரவிட்ட விசாரணையின் பயனாக, 1,28,50,941 ஜனங்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன என்று 1826இல் குறித்து வைத்தார். அதற்கும் முன்னரே, 1789இல் எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம்மவர் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தாமும் கைக்கொண்டார். 1797இல் லண்டனில் அதைப்பற்றி நூலும் அச்சிட்டார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் அவரது ஏற்பாடு 'மதராஸ் முறை' என்ற பெயராலேயே இங்கிலாந்திற் பரவியது. ஆனால், பழம்பெருமை பேசி நாம் மயங்குவதற்கில்லை. அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் உட்கார இடமில்லை. பெண் குழந்தைகள் மிக அருமை. தவறு செய்தவனைக் கோதண்டத்தில் தொங்கவிட்ட கொடுமையும் உண்டு. அவற்றை மீட்கும்படி எவரும் கேட்கமாட்டார்.

1957 ஏப்ரல் முதல் தேதி ரூபாய்க்கு நூறு பைசா வந்தது. பதினாறு அணா மறைந்தது. பின்னர் படியும் வீசையும் மறைந்தன. இது வேண்டிய சீர்திருத்தமே. ஆனால் கடைத்தெருவின் கணக்கு மாறியபோது பள்ளியின் கணக்கு அதனோடு மாறவில்லை. பதினாறாம் வாய்பாடு மட்டும் நின்றது. எதற்காகக் கற்கிறோம் என்பதைச் சொல்லுவாரில்லை. இந்த வெறுங்கூச்சலைக் கண்டு சலித்தவர்களே அட்டையையும் மணியையும் நாடினர். அவர்களைக் குறைகூற நமக்கு மனமில்லை. எனினும் வகுப்பறை மேசையிலுள்ள மணியும் கடைத்தெருவிலுள்ள தராசும் ஒன்றல்லவே!

நோபெல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ முதலியோர் டெல்லி, கல்கத்தா சந்தைகளில் வேலை செய்யும் சிறுவரைச் சோதித்து 2025இல் முடிவை வெளியிட்டனர். காய்கறி விலையை மனத்திலேயே கணக்கிட்டு மிச்சச் சில்லறையைத் தவறின்றிக் கொடுத்த சிறுவர், அதைவிட எளிய கணக்கைப் பள்ளிப் புத்தகத்தின் பாணியில் கேட்டபோது தடுமாறினர். பள்ளிப் பிள்ளைகளோ புத்தகக் கணக்கை மேலாகச் செய்தனர். கடைக் கணக்கில் திணறினர். ஒரே நாட்டில், ஒரே வயதில், ஒன்றையொன்று அறியாத இரண்டு கணக்குகள்!

இதன் நஷ்டம் யாருக்கு? நாட்டின் கிராமப்புறங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் நூற்றுக்கு 30.7 பேரே வகுத்தற் கணக்குச் செய்ய வல்லவர் என்று 'அஸர்' அறிக்கை 2024ஆம் ஆண்டுக்குக் கூறியது. பணமுள்ளவர் மாலையில் தனி வகுப்பு வைத்துக்கொள்வர். கூலிக்காரனின் பிள்ளை வட்டிக்கடையில் கணக்குத் தெரியாமல் கையெழுத்திடுவான்.

ஆகவே, வாய்பாடும் வேண்டும், அட்டையும் இருக்கட்டும். இரண்டையும் தராசோடும் அளவு நாடாவோடும் பில் புத்தகத்தோடும் பிணைக்கவேண்டும். பரீட்சையில் ஒரு பகுதியை வாய்மொழிக் கணக்குக்கு ஒதுக்கவேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. நம் நேயர்களில் கிராமங்களில் ஊழியம் செய்வோர், பள்ளியிற் கொடியேற்றி மிட்டாய் வழங்குவதோடு திரும்பிவிட வேண்டாம். கிலோ 48 ரூபாய் விற்கும் வெங்காயத்தில் முக்கால் கிலோ என்ன விலை என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள். விடை வராவிடில், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முதல் விஷயமாக அதனைக் கிளப்புங்கள்.