பழைய டிராக்டரின் கியர் என்ன சொல்கிறது?

சுங்கைப்பட்டாணி, கூலிம், பாலிங் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு மாஸி பெர்குசன் டிராக்டரை அறிமுகப்படுத்த வேண்டுமா, என்ன? தோட்டத்துச் சுமையை இழுத்ததும் டிராக்டர்தான். 1970-இல் மூடா நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேறி, கெடா சமவெளியில் இருபோக நெல் விளையத் தொடங்கியபோது வயலில் இறங்கி உழுததும் டிராக்டர்தான்.

'35' என்ற வண்டி 1950-களின் பிற்பகுதியில் வந்தது; '135' வந்தது 1964-இல். இவற்றைத் தயாரித்த இங்கிலாந்தின் கோவென்ட்ரி தொழிற்சாலை 2002-இல் டிராக்டர் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனால், அங்கே பிறந்த வண்டிகள் நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்றும் உழைக்கும்.

உங்கள் வண்டியில் கியர் தகராறு செய்கிறதா? உடனே "பெட்டியைத் திற" என்று சொல்லிவிடாதீர்கள். இந்த வண்டிகளுக்குத் தனிச் சட்டம் கிடையாது. எஞ்சின், கியர்ப்பெட்டி, பின் அச்சு மூன்றையும் போல்ட் போட்டு இணைத்ததுதான் வண்டியின் உடம்பு. உள்ளே கைவைக்க வண்டியையே இரண்டாகப் பிரிக்கவேண்டி வரலாம். செலவு சும்மாவா? ஆகவே, முதலில் காதும் கண்ணும் வேலை செய்யட்டும். எந்தச் சோதனையையும் சமதரையில், டிரெய்லரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பிள்ளைகள் அருகில் வரக்கூடாது.

கியர் போடும்போது கரகரப்பு

எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கிளட்சை முழுவதும் மிதித்து, மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். பிறகு கியர் போடுங்கள். சத்தமின்றி விழுந்தால் பெட்டியில் குறையில்லை. ஓட்டுபவரின் அவசரம்தான் குறை. இவ்வண்டிகளில் பல்சக்கரத்தை நகர்த்தியே கியர் சேர்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு மாற்றுவதே முறை.

ஐந்து எண்ணிய பிறகும் கரகரத்தால் கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை என்று பொருள். மிதியில் வெற்று ஆட்டம் அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே உள்ள இணைப்பைச் சரிசெய்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும். இதற்கு நேர்மாறாக, ஆட்டமே இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கும். எஞ்சின் உறுமும், வண்டி நகராது. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் கிளட்ச் தட்டு துருவேறி ஒட்டிக்கொள்வதும் உண்டு. நீண்ட நாள் நிறுத்தும்போது மிதியை அழுத்தி, கட்டை கொடுத்து வைப்பது நல்லது.

சத்தம் எப்போது வருகிறது?

நியூட்ரலில் இரைச்சல் கேட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றால் பெட்டிக்குள் இருக்கும் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்தால்தான் சத்தம் வருகிறதா? அது கிளட்ச் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் 'டக் டக்' என்று ஒழுங்காக வந்தால் அந்தச் சக்கரத்தின் பல் உடைந்திருக்கலாம். எல்லாக் கியரிலும், வண்டி நகரும்போது மட்டும் ஊளையிட்டால் பின் அச்சைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எண்ணெயைப் பாருங்கள்

அளவுகோலை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர்க் கம்பியின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்தால் மழைநீர் அந்த வழியே இறங்கும். நம் ஊர் மழைக்குக் கேட்கவா வேண்டும்! எண்ணெயை வடிக்கும்போது மாவுபோன்ற கரும்பொடி கொஞ்சம் இருந்தால் பயமில்லை. விரலில் எடுக்கக்கூடிய இரும்புத் துண்டு வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய்தான். அந்தத் துண்டு பம்பையும் கெடுத்துவிடும்.

கியர் தானாகக் கழன்றால்

மற்றக் கோளாறுகள் பணத்தைத் தின்னும். இது ஆளையே தின்னக்கூடியது. கம்பியைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம்; உள்ளே போர்க் தேய்ந்திருக்கலாம்; பற்களின் ஓரம் மழுங்கியிருக்கலாம். சிலர் கம்பியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டுவார்கள். அதனால் போர்க் மேலும் தேயுமே தவிர, குறை தீராது. பாலிங் பக்கத்து மேட்டில், செம்பனைக் குலை நிறைந்த டிரெய்லரோடு இறங்கும்போது கியர் கழன்றால் எஞ்சினின் பிடி போய்விடும். பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். பழைய பிரேக் அதைத் தாங்குமா?

சில 135 வண்டிகளில் 'மல்டி பவர்' என்ற வசதி உண்டு. அதை 'லோ'வில் வைத்து இறங்கினாலும் எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. அது பழுதன்று, அமைப்பே அப்படி. இறக்கம் தொடங்குமுன் அதை 'ஹை'யில் வைத்து, சாதாரணக் கியரைச் சிறியதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது வெறுமனே "கியர் சரியில்லை" என்று சொல்லாதீர்கள். எந்தக் கியர், மிதித்தாலா விட்டாலா, ஏற்றத்திலா இறக்கத்திலா, எண்ணெய் என்ன நிறம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்துவிடும். கழலும் கியரைச் சரிசெய்யும்வரை வண்டி கொட்டகையிலேயே நிற்கட்டும். குலை ஒரு நாள் தாமதமாகப் போனால் பரவாயில்லை. ஓட்டப் போனவர் பத்திரமாக வீடு திரும்பவேண்டும் அல்லவா?